கேட்டு வாங்கிய பாட்டு

என் மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, மும்பையில் மழை விட்டதா என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். பிறகு ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தேன். இங்கே சாரல் காலம். மலைப்பக்கம் இருந்து வருகிற காற்று பாளையங்கோட்டை வரைக்கும் ஈரத்தைக் கொண்டுவந்து, துணி காயவும் விடாமல், நனைக்கவும் செய்யாமல் நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் காற்றில் உட்கார்ந்தால் யாரோ தூரத்தில் பேசுவதுபோல இருக்கும். நீ கேட்டது அப்படித்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. போனில் எனக்கு நீளமாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வேலை என்னவென்று இங்கே யாராவது கேட்டால், பாட்டுக் கம்பெனியில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுவேன். கம்பெனியின் பாட்டுகளை யார் யார் அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்று இயந்திரம் தேடிக் கொடுக்கும், அவற்றை நீக்கச் சொல்லி நீ பொத்தானை அழுத்துவாய் என்று விளக்கினால், "பாட்ட எடுக்கதுக்குச் சம்பளமா" என்று சிரிக்கிறார்கள். நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய், அந்த மனிதரின் கடிதம் வரும்வரை. அவர் தன் அம்மாவின் பிறந்தநாள் வீடியோவைப் போட்டு வைத்திருந்தார். பின்னால் எங்கேயோ ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. இயந்திரம் பாட்டைக் கண்டுபிடித்தது, நீ அழுத்தினாய், வீடியோ போய்விட்டது. அம்மா இறந்து ஒரு வருஷம் ஆகிறது, அம்மா சிரித்த சத்தம் அந்த ஒன்றில்தான் இருந்தது என்று அவர் எழுதியிருந்ததை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். பிறகு கேட்டாய்: "நான் செய்யுத வேல சரியாம்மா? விட்டுட்டு வந்துரட்டுமா?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் நான் செல்லையா அண்ணாச்சியிடம் இருந்துதான் தொடங்க வேண்டும். நீ அவரைத் தலை நரைத்த, சத்தமில்லாத மனிதராகத்தான் பார்த்திருக்கிறாய். நான் முதலில் பார்த்தபோது அவர் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மைக் செட் கட்ட வந்திருந்தார். அறிவியல் டீச்சரான நான் அன்றைக்குக் கடவுள் வாழ்த்துப் பாட வேண்டிய பிள்ளைக்குத் தொண்டை கட்டிவிட்டதால் மேடையேறிப் பாடினேன். சர்ச்சில் பாடகர் குழுவில் பாடிய பழக்கம், அவ்வளவுதான். விழா முடிந்ததும் அண்ணாச்சி வயரைச் சுற்றிக்கொண்டே வந்து, "டீச்சர், ஊரு ஊரா எல்லாரு பாட்டையும் போட்டுட்டுத் திரியுதேன். ஒங்க கொரலக் கேட்டதும் நம்ம பாட்டுன்னு ஒண்ணு போடணும்னு இருக்கு" என்றார். நான் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த மாதமே திருநெல்வேலி சந்திப்பில் தன் மைக் செட் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறையைப் பாட்டுப் பதிவுக்கென்று தயார் செய்துவிட்டார்.

அந்த அறையை நீ பார்த்ததில்லை. எதிரொலி அடங்குவதற்காகச் சுவர் முழுக்கப் பத்தமடைப் பாய்களை அடித்து வைத்திருந்தார். கதவைச் சாத்தினால் வெளியே பஸ் சத்தம், பழக்கடைச் சத்தம் எல்லாம் நின்று, கோரை வாசனை மட்டும் இருக்கும். கண்ணை மூடிப் பாடினால் ஆற்றோரம் கோரைக்குள் நின்று பாடுவதுபோலத் தோன்றும். பாட்டெல்லாம் ஆற்றைப் பற்றியதுதான். மலையில் இறங்குவதில் இருந்து கடலில் சேருவது வரைக்கும் ஊருக்கு ஒரு பாட்டு. எழுதியது, மெட்டுப் போட்டது எல்லாம் அண்ணாச்சியின் மனைவி பிரமு மதினி. அவர்கள் எங்கேயும் இசை படித்ததில்லை. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே முனங்குவார்கள், அண்ணாச்சி அதை டேப்பில் பிடித்து எனக்குக் கொண்டுவந்து கொடுப்பார். நான் பாடிப் பதிவானதும் அந்த டேப்பிலேயே அடுத்த பாட்டைப் பிடித்துவிடுவார். நீங்களே பாடுங்களேன் மதினி என்று நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கதவு சாத்தின அறைக்குள் தனக்குப் பாட்டு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

அதில் கடைசிப் பாட்டு தாலாட்டு. உனக்கு நான் பாடியதுதான்.

பாவநாசத்துல துள்ளிக் குதிச்ச தண்ணி
பத்தமடக் கோரையில கண்ணசந்த தண்ணி
ஆழ்வார்திருநகரி வந்து பையப் போற தண்ணி
கடலம்மா மடியில போய்த் தூங்கப் போற தண்ணி

ஒவ்வொரு அடிக்கும் வேகம் குறைந்துகொண்டே வரவேண்டும் என்று மதினி சொல்லியிருந்தார்கள். கடைசி அடியில் குரலும் கீழே இறங்கி, பாட்டு எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிய வேண்டும். அன்றைக்குப் புல்லாங்குழல் வாசித்த சாமுவேல் சார், பாட்டு முடிந்த பிறகும் வெகுநேரம் குழலை இறக்கவே இல்லை.

கேசட்டும் சிடியுமாக எங்கள் பாட்டுகள் வெளிவந்தன. அண்ணாச்சி கடை வாசலில் ஸ்பீக்கர் பெட்டி வைத்து முழுசாக ஒலிக்கவிட்டார். சந்திப்புக்கு வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்டார்கள். நானும் உன் அப்பாவும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் குரல் சாலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து என்னிடமே வந்தது எனக்குக் கனவுபோல இருந்தது. அந்தக் கனவு அதிக நாள் நீடிக்கவில்லை. பஸ் நிலையத்து நடைபாதையில் நூற்றுக்கணக்கான பாட்டுகளை ஒரே சிடித் தட்டில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் எங்கள் ஆறும் ஓடிக்கொண்டிருந்தது. உறையில் யாரோ ஒரு நடிகையின் படம். மதினி பெயர் இல்லை, என் பெயர் இல்லை, சாமுவேல் சார் பெயர் இல்லை. கொஞ்ச காலத்தில் தட்டும் வேண்டாமென்று ஆனது. போன் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்தால் கேட்டதையெல்லாம் ஏற்றிக் கொடுத்தார்கள். எங்கள் பாட்டு எல்லா ஊரிலும் கேட்டது, எங்கள் கடையில் மட்டும் யாரும் அதைக் கேட்டு வரவில்லை.

அண்ணாச்சி சண்டை போட்டார். அவரைச் சாந்தமானவர் என்று நினைத்திருக்கிறாயே, ஒரு கல்யாண மண்டபத்தில் அவர் செய்ததைக் கேள். அவருடைய மைக் செட்டுதான். பெண் வீட்டார் தாங்கள் கொண்டுவந்த சிடியைப் போடச் சொல்ல, எங்கள் தொகுப்பில் இருந்த ஊஞ்சல் பாட்டே அதில் இருந்து வந்தது, நகல் எடுத்த சிடியில் இருந்து. அண்ணாச்சி நேராகப் போய் வயரைப் பிடுங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள், அபசகுனம் என்று யாரோ சொன்னார்கள். பெண்ணின் அப்பா கோபமாக வந்தபோது அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இது எங்க பாட்டுய்யா. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்" என்றார். பிறகு தன் பையில் இருந்த சொந்த சிடியை எடுத்து அவரே போட்டார். ஊஞ்சல் ஆடியது. ஆனால் அதற்குப் பிறகு அந்த மண்டபத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. மதினிக்கு அதில் ரொம்ப வருத்தம். எனக்கோ, அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை பெரிதாகப் பட்டது. விலையைப் பற்றி அவர் பேசவே இல்லை. கேட்கவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.

பிறகு உவரியில் இருந்து சேதி வந்தது. அங்கே ஒரு போன் கடையில் எங்கள் பாட்டு முழுவதும் கம்ப்யூட்டரில் இருக்கிறது, படகுக்காரர்கள் எல்லோரும் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று. அண்ணாச்சி புகார் கொடுத்தார். போலீஸ் அந்தக் கம்ப்யூட்டரை எடுத்து வந்துவிட்டது. குரல் தன்னுடையதுதான் என்று சொல்ல டீச்சர் நேரில் வரவேண்டும் என்றார்கள். நீ அப்போது கைக்குழந்தை. உன்னையும் தூக்கிக்கொண்டு அண்ணாச்சியோடு போனேன். கடலோரக் காவல் நிலையம், நண்பகல் வெயில், ஜன்னல் வழியே உப்புக் காற்று. கடைக்காரர் ஒரு பெண், ரீத்தா என்று பெயர், என்னைவிட இளையவள். பாட்டு தானாகப் போன் போனாக வந்தது, யார் குரலென்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். எஸ்.ஐ. என்னைப் பார்த்து, ஒரே மாதிரிக் குரல் ஆயிரம் இருக்கும் டீச்சர், ஒரு அடி பாடிக் காட்டுங்கள் என்றார்.

நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு தாலாட்டைப் பாடினேன். வயர்லெஸ்ஸைப் பெண் காவலர் ஒருவர் மெல்லத் திருகிக் குறைத்தார். கடைசி அடி வந்தபோது நீ தூங்கிவிட்டாய். எஸ்.ஐ. பேனாவை மூடிவைத்தார். ரீத்தாதான் முதலில் பேசினாள். "நெசமாவே நீங்கதானாக்கா? எங்க ஆளுக நாலஞ்சு நாளு தங்குகடலுக்குப் போனா வலையப் போட்டுட்டு இதத்தான் கேட்டுக்கிட்டுக் கெடப்பாவ. நான் ரேடியோவுல எடுத்ததுன்னுல்லா நெனச்சேன்."

அண்ணாச்சி விடவில்லை. கடையில் வாங்கியிருக்கலாமே என்றார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எந்தக் கடையில அண்ணாச்சி? ஒங்க பாட்டு எங்க ஊருக்கு வந்துட்டு. நீங்க வரலையே."

"வரலைன்னா எடுத்துக்கிடலாமாம்மா? ஒங்க வீட்டாளு புடிச்ச மீன நான் வந்து கூடையோட தூக்கிட்டுப் போனா விடுவியா?"

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். இருவரில் யார் சொன்னதும் பொய்யில்லை என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. திரும்பும் வழியில் அண்ணாச்சி பனைமரங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். மறுவாரம் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உவரிக்குப் போய் ரீத்தாவின் கடையில் உட்கார்ந்திருக்கிறார். தன் பாட்டுகளை ஏற்றிய மெமரி கார்டுகளைச் சிறிய உறையில் போட்டு, உறையில் எல்லாருடைய பெயரையும் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தார். இனிமேல் இதை நீ விற்று உன் பங்கை எடுத்துக்கொள், எனக்கு என் பங்கைக் கொடு என்றாராம். அவளும் சம்மதித்தாள். சும்மா ஏற்றித் தரச் சொல்லிக் கேட்டவர்களிடம், "அது அந்த டீச்சரக்கா பாட்டு, கேக்காம குடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவாளாம்.

அதன் பிறகு சில வருஷங்கள் நன்றாகவே இருந்தன. அண்ணாச்சி சனிக்கிழமைதோறும் உவரிக்குப் போவார். ரீத்தா அவர் கையில் சீலா மீனைக் கொடுத்தனுப்புவாள். சுத்த சைவ வீடு அவருடையது. வேண்டாம் என்று சொல்ல வாயில்லாமல் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க, மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு நேராக நம் வீட்டுக்கு வந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போவார். நீ விரும்பித் தின்ற மீனெல்லாம் அப்படி வந்ததுதான். உன்னை அந்தப் பாட்டு தூங்கவும் வைத்தது, சாப்பாடும் போட்டது.

போன்களுக்குள் இணையம் வந்ததும் கார்டு யாருக்கும் தேவைப்படவில்லை. அதைச் சொல்ல ரீத்தாவே மிச்சக் கார்டுகளோடு திருநெல்வேலிக்கு வந்தாள். மதினி அவளுக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினார்கள். அண்ணாச்சி அந்த அறையைக் காலி செய்து, சுவரில் இருந்த பாய்களைக் கழற்றி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். பிறகு பழையபடி மைக் செட் கட்டப் போனார். கண்ணை மூடுகிற வரைக்கும் அதைத்தான் செய்தார். பெரிய கம்பெனி ஒன்று அவருடைய பாட்டுகளை மொத்தமாகக் கேட்டபோதும் கொடுக்கவில்லை. அது அவளுடையது, அவளைக் கேளுங்கள் என்று மதினியைக் காட்டிவிட்டார். மதினி மாட்டேன் என்றுவிட்டார்கள்.

இந்த வருஷம் நடந்தது உனக்கும் தெரியும். ஏதோ ஒரு சேனலில் அந்தத் தாலாட்டு இருப்பதை நீதான் கண்டுபிடித்தாய். லட்சக்கணக்கான பேர் கேட்டிருந்தார்கள். "பழங்கால நாட்டுப்புறத் தாலாட்டு" என்று போட்டிருந்தது. அதை மதினியிடம் காட்டினேன். "பழங்காலமாம்லா. அம்புட்டு கெழவியாவா இருக்கேன்" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு, திரையை மேலும் கீழும் நகர்த்திப் பெயரைத் தேடிக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எடுத்துவிடு என்று உனக்குச் சொன்னேன். மதினி பெயரில் புகார் எழுதி, என் மெயில் முகவரியைக் கொடுத்து, நீ எடுக்க வைத்தாய். பிறகு அண்ணாச்சி வைத்திருந்த மூலப் பதிவைச் சுத்தம் செய்து, எல்லார் பெயரும் போட்டு நீயே ஏற்றினாய். மதினி தன் பெயரை விரலால் தொட்டார்கள். தொட்டதும் பாட்டு நின்றுவிட்டது. பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். இன்னொரு முறை தொடுங்கள் என்றேன். தொட்டார்கள், ஓடியது. அன்றைக்கு முழுவதும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஆகவே வேலையை விடாதே. அண்ணாச்சிக்கு அன்றைக்கு உன்னைப்போல ஒருத்தி இருந்திருந்தால் அவர் மண்டபத்தில் வயரைப் பிடுங்க வேண்டி வந்திருக்காது. ஆனால் இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதான். ஒருவன் திருடி விற்பதும், ஒருவன் வீட்டில் அவன் அம்மா சிரிப்பதும் அதற்கு வேறுவேறு இல்லை. வேறு என்று தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்பதற்காகத்தான் உன்னை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். அழுத்துவதற்கு முன்னால் கடைசிவரை பார். அந்த மனிதருக்குப் பதில் எழுது, அந்த வீடியோவைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று உன் மேலதிகாரியிடம் கேள். முடியாது என்றால் பாட்டை மட்டும் நீக்கி, சிரிப்பை விட்டுவைக்க வழி இருக்கிறதா என்று கேள். நீ கேட்டால்தான் யாராவது யோசிப்பார்கள்.

இடையில் நடந்த ஒன்றை உனக்குச் சொல்லவில்லை. பழைய சேனலில் இருந்து பாட்டு போய், நீ புதிதாக ஏற்றுவதற்கு முன்னால் கொஞ்ச நாள் அது எங்கேயும் இல்லாமல் இருந்ததல்லவா, அப்போது என் மெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கிற பெண். சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அந்தச் சேனல்காரரிடம் கேட்டு என் முகவரியை வாங்கியிருக்கிறாள். மகன் அந்தப் பாட்டு இல்லாமல் தூங்குவதில்லை, திடீரென்று காணாமல் போய்விட்டது, விலைக்கு எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதியிருந்தாள். ஒரு வார்த்தை கோபம் இல்லை. கீழே போன் நம்பர் கொடுத்திருந்தாள். மூலப் பதிவு உன்னிடம் இருந்தது, என் கையில் இருந்த பழைய சிடியும் கார்டும் ஓடவில்லை. மதினியை வீட்டுக்கு வரச் சொன்னேன். இருவருமாக யோசித்து, கடைசியில் அவளையே கூப்பிட்டோம்.

மதியம் சாப்பாடு முடிந்த நேரம். பையனைப் படுக்கப்போட்டிருந்தாள், அவன் சிணுங்குவது கேட்டது. "யாரும்மா பேசுதிய?" என்றாள். அந்தப் பாட்டைப் பாடினவள் நான்தான், எழுதினவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், போனை அவன் காதுப் பக்கம் வை என்றேன். அவள் வைத்தாள்.

பாடினேன். பாவநாசம் தாண்டினேன், பத்தமடை தாண்டினேன். மூன்றாவது அடியிலேயே மூச்சு வாங்கியது. கடைசி அடிக்குக் குரல் கீழே இறங்கவேண்டுமே, என் தொண்டை இந்த வயதில் அங்கே போகவில்லை, நின்றுவிட்டது. நான் மதினியைப் பார்த்தேன். அவர்கள் போனை என் கையில் இருந்து வாங்கவில்லை. அப்படியே என் பக்கமாகக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடலம்மா மடியில் போய் என்று எடுத்தார்கள். தையல் மிஷின் சத்தத்துக்கு அடியில் நான் கேட்டிருந்த அந்தக் குரல்தான். நான் பாடியதைவிட மெதுவாக, இன்னும் கீழே, தண்ணீர் மணலுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. ஜன்னலில் சாரல் காற்று நின்றிருந்தது. அந்தப் பக்கம் ஏசி ஓடுகிற சத்தமும் குழந்தை மூச்சு விடுகிற சத்தமும் கேட்டன.

"தூங்கிட்டான்" என்றாள் அவள், மிக மெல்ல. போனை அவளும் வைக்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை. மதினி பாடியதை யாரும் பதிவு செய்யவில்லை.

அம்மா